பெருங்கப்பலில் ஏழு இரவுகள்

சென்ற மார்கழி விடுமுறையின்போது இப்பத்தி இரு கிழமைகள் வெளிவராமைக்குக் காரணம் கேட்டு நேயர்கள் சிலர் கடிதம் வரைந்திருந்தனர். காரணத்தை இப்பொழுது கூறிவிடுகிறேன். அக்காலத்தில் நான் கரீபியன் கடலின் நடுவே, பதினெட்டுத் தட்டுகள் கொண்ட ஒரு கப்பலில், சாளரம் ஒன்றேனும் இல்லாத அறையொன்றில், என் தாயாருடன் குடியிருந்தேன்.

என் தமையனார் 1998ஆம் ஆண்டு கனடாவுக்குச் சென்றவர். அம்மாவையும் பின்னர் அங்கு அழைத்துக்கொண்டார். அம்மாவுக்கு இப்போது எழுபத்தாறு வயது. 'நாம் மூவரும் ஒரு கிழமையாவது ஓரிடத்தில் இருக்க வேண்டும். ரொறன்ரோவில் இருந்தால் எனக்கு வேலை. யாழ்ப்பாணத்துக்கு வந்தால் உனக்கு ஊர்வேலை. ஆகவே கப்பல்' என்று அண்ணர் எழுதினார். கப்பற் செலவையும் தாமே ஏற்பதாக எழுதியிருந்தார். தம்பியர் இத்தகைய விடயங்களில் அதிகம் வாதாடுவதில்லை.

கப்பற் பிரயாணம் என்றதும் எனக்கு நினைவுக்கு வந்தது வேறொரு கப்பல். 2001ஆம் ஆண்டு, தரைப்பாதை மூடிக்கிடந்த காலம். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இடங்கிடைத்த எனக்கும், கண் வைத்தியத்துக்குக் கொழும்பு செல்லவேண்டியிருந்த அம்மாவுக்கும் திருகோணமலை வரை கப்பலே வழி. அனுமதிப் பத்திரத்துக்கு விண்ணப்பித்து, பெயர் வரும் நாளுக்குக் காத்திருந்து, காங்கேசன்துறையிற் பொதிகளைக் கொட்டிக் காட்டி, மறுபடி அடுக்கி, மேற்றட்டில் விரித்த பாயொன்றில் இராப்பொழுதைக் கழித்தோம். கடல் கொந்தளித்தது. நாலாபுறமும் வாந்தி. அம்மா என் சட்டை நுனியைத் தம் விரலிற் சுற்றிக்கொண்டு விடியும்வரை விழித்திருந்தார். அதன்பின் அவர் கப்பலேறியதில்லை. நயினாதீவு அம்மனுக்கு வள்ளமேறுவதோடு சரி.

ஆகவே, மயாமித் துறைமுகத்தில் அந்தப் பெருங்கப்பலை அண்ணாந்து பார்த்தபோது அவர் மௌனமாக நின்றதன் பொருள் எனக்கு விளங்கிற்று. அண்ணரின் பிள்ளைகளுக்கு விளங்கவில்லை. அதனைக் கப்பல் என்று சொல்ல நாவும் எழவில்லை. 362 மீற்றர் நீளம். கொள்ளளவு ஏறத்தாழ 2,27,000 தொன். (இங்கே தொன் என்பது எடையன்று, கப்பலின் உட்புறக் கனவளவை அளந்து கணிக்கும் ஓர் எண் என்பதை மாணவர்கள் குறித்துக்கொள்க. பெரியோர் பலரும் இதிற் பிழைவிடுகின்றனர்.) 1912இல் மூழ்கிய டைட்டானிக் 46,328 தொன், அதைப்போல் ஏறக்குறைய ஐந்து மடங்கு. 2024ஆம் ஆண்டு தை மாதம் இதே மயாமியிலிருந்து முதற்பிரயாணம் புறப்பட்ட 'ஐக்கன் ஒஃப் த சீஸ்' இதனிலும் பெரிது. அதில் இருபது தட்டுகள்.

ஏறும் வழி விமான நிலையம் போன்றது. பொதிகள் வேறாகவும் மனிதர் வேறாகவும் சோதிக்கப்பட்டனர். அம்மாவின் கைப்பையில் இருந்த ஊதுபத்தியும் தீப்பெட்டியும் அவ்விடத்திலேயே வாங்கிவைக்கப்பட்டன. கப்பலில் அறைக்குள் எவரும் தீ ஏற்றக்கூடாது. நியாயமான விதிதான், கடலில் நீரைவிட நெருப்புக்கே மாலுமிகள் அஞ்சுவர். ஆயினும் ஏழு நாளும் விளக்கில்லாமல் எவ்வாறு கும்பிடுவது என்று அம்மாவின் முகம் வாடிற்று. அண்ணரின் குடும்பத்தவரும் அம்மாவும் கனேடியக் கடவுச்சீட்டினர். விரைவில் அப்பாற் சென்றுவிட்டனர். என் கடவுச்சீட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தனர். ஒருவர் இன்னொருவரை அழைத்தார். ஐந்தாறு நிமிடந்தான் சென்றிருக்கும். நான் அப்பாற் போனபோது, அண்ணர் எவ்வளவு அழைத்தும் ஓரடி நகராமல், கயிற்றருகே அம்மா நின்றுகொண்டிருந்தார்.

"என்ன தம்பி இவ்வளவு நேரம்? பாசிலை ஏதும் பிழையோ?" என்றார்.

"இது பாஸ் இல்லை அம்மா" என்றேன். அவர் நம்பியதாகத் தோன்றவில்லை. என் முழங்கையைப் பிடித்தவர் அறை வாசல் வரை விடவில்லை.

அறைக்குள் நுழைந்து சுற்றுமுற்றும் பார்த்தார். கட்டில் இரண்டு, கண்ணாடி, தொலைக்காட்சி, குளியலறை. நாற்புறமும் சுவர்.

"கடல் எங்கை?" என்று கேட்டார்.

இக்கேள்வியை நான் ஏழு நாளும் மனதிற் கொண்டு திரிந்தேன். அந்தக் கப்பலில் கடல் எங்கே? நடுவில் ஒரு கடைத்தெரு. இருபுறமும் நகைக்கடை, கடிகாரக்கடை, மதுச்சாலை. அதற்கு மேலே வானம் பார்த்த ஒரு பூங்கா. பொய்ப்பூ அன்று, ஆயிரக்கணக்கான மெய்ச்செடிகள். நீந்து குளங்கள், பனித்தரையில் வழுக்கி ஆடும் அரங்கு, நாடக மண்டபம், சூதாட்டக் கூடம். நாற்காலிகள் பெரும்பாலும் உள்நோக்கியே போடப்பட்டிருக்கின்றன. ஆட்டமும் இல்லை; நீருக்குள் இருபுறமும் நீட்டப்படும் துடுப்பு போன்ற சிறகுகள் அலையின் உலைவை அடக்கிவிடுகின்றன. குடிக்கும் நீர்கூடக் கடல்நீரிலிருந்து கப்பலிலேயே பிரித்தெடுக்கப்படுவது; ஆனால் அதனை எவரும் நினைப்பதில்லை. ஐயாயிரத்துக்கு மேற்பட்ட பிரயாணிகள், இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட சிப்பந்திகள். நம் ஊர்ப் பக்கத்துச் சிறு பட்டினமொன்றின் சனத்தொகை. அத்தனை பேரும் கடலின்மேல் இருக்கிறார்கள் என்பதை மறப்பதற்கே அந்தக் கட்டடம் முழுவதும் அமைக்கப்பட்டிருக்கிறது.

முன்னாளிற் கப்பல் இவ்வாறு இருந்ததில்லை. கொழும்புத் துறைமுகத்தில் இங்கிலாந்துக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் செல்லும் கப்பல்கள் தரித்து நின்ற காலத்தில், கப்பல் என்பது ஓரிடத்தை அடைவதற்கான சாதனம். 1958இல் ஜெட் விமானங்கள் அத்திலாந்திக்கைத் தாண்டிப் பயணிகளை ஏற்றிச் செல்லத் தொடங்கியபின் அத்தொழில் சரிந்தது. 1966இன் இறுதியில் 'சன்வார்ட்' என்னும் நோர்வேஜியக் கப்பல் மயாமியிலிருந்து விடுமுறைப் பிரயாணங்களைத் தொடங்கிற்று. 1970இல் கரீபியன் உல்லாசப் பிரயாணத்துக்கென்றே கட்டப்பட்ட 'சோங் ஒஃப் நோர்வே' வந்தது. புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வருவதற்காகக் கப்பலேறுதல் என்னும் புதிய வழக்கம் அப்போது வேரூன்றியது. 2023ஆம் ஆண்டில் உலகெங்கும் இவ்வாறு சென்று திரும்பியோர் மூன்று கோடிக்கு மேல்.

நிற்க. புறப்படுமுன் ஆபத்துக்காலப் பயிற்சி ஒன்று உண்டு. டைட்டானிக் விபத்தின் பின் 1914இல் எழுந்த சர்வதேச உடன்படிக்கையின் வழிவந்த விதிகள் இவை. 2012இல் இத்தாலிக் கரையோரம் 'கொஸ்ரா கொன்கோடியா' பாறையில் மோதிச் சரிந்து 32 பேர் மாண்டபோது, அன்று ஏறியவர்களிற் பலர் இன்னும் பயிற்சி பெறாதிருந்தனர். அதன்பின் விதி இறுக்கப்பட்டு, கப்பல் புறப்படுமுன்னரோ புறப்பட்ட உடனேயோ பயிற்சி நடைபெற வேண்டும் என்றாயிற்று. இப்போது அதுவும் சுருங்கிவிட்டது. தொலைபேசியில் ஒரு படத்தைப் பார்த்துவிட்டு, குறித்த இடத்துக்குச் சென்று முகத்தைக் காட்டினாற் போதும். இரண்டு நிமிடத்தில் எம்மை அனுப்பிவிட்டனர். பிள்ளைகளுக்கு மகிழ்ச்சி. அம்மா மாத்திரம் நகரவில்லை. உயிர்காப்பு அங்கி எங்கே இருக்கும், படகு எத்தனை, ஒன்றில் எத்தனை பேர் என்று என்னைக் கேட்கச் சொன்னார். பணியாளர் பொறுமையுடன் விடை கூறினார்: பதினெட்டுப் படகுகள், ஒவ்வொன்றிலும் 370 பேர். நான் மனக்கணக்காக 6,660 என்றேன். டைட்டானிக்கில் ஏறத்தாழ 2,200 பேர் இருக்க, படகுகளில் இருந்த இடம் 1,178. "படகு போதாட்டில் மிதவையும் இருக்குது அம்மா" என்று நான் சொன்னபின்னரே அவர் நடந்தார்.

அண்ணரின் மகளுக்குப் பன்னிரண்டு வயது. கப்பலின் பிற்புறத்தில் ஊர்ப்பெயராக 'நசாவு' என்று எழுதியிருப்பதைக் கண்டுவிட்டு, "சித்தப்பா, இது அமெரிக்கக் கப்பல் இல்லையா?" என்றாள். நல்ல கேள்வி, நான் வகுப்பெடுக்கத் தொடங்கிவிட்டேன். கம்பனியின் தலைமையகம் அமெரிக்காவில்; பயணிகளிற் பெரும்பாலோர் அமெரிக்கர்; கப்பல் கட்டப்பட்டது ஐரோப்பாவில்; பதிவோ பஹாமாஸ் தீவுகளில். பதிவுசெய்த நாட்டுச் சட்டமே கப்பலுக்குச் சட்டம். வரியும் தொழிலாளர் விதியும் எங்கு இலகுவோ அங்கு கொடி பறக்கும். மேலும் 1886ஆம் ஆண்டுச் சட்டமொன்றின்படி அந்நியக் கொடியுடைய கப்பல், இடையே பிறநாட்டுத் துறையொன்றைத் தொடாமல் அமெரிக்கத் துறைமுகங்களுக்கிடையே பயணிகளை ஏற்றிச் சுற்றலாகாது. ஆதலால் நாம் நசாவுவில் இறங்கிச் சங்கு வாங்குகிறோம். அவள் இரண்டாவது வாக்கியத்திலேயே நீர்ச்சறுக்குக்கு ஓடிவிட்டாள் என்பதைப் பின்னர் கண்டேன்.

உணவைப்பற்றி எழுதாவிடில் நேயர்கள் மன்னிக்கமாட்டீர்கள். மரக்கறி உண்போர் அஞ்சவேண்டுவதில்லை. முதல்நாளே மேசைப் பொறுப்பாளரிடம் கூறிவைத்தால், சோறும் பருப்பும் ஏதேனும் ஒரு கறியும் இரவுதோறும் வரும். உறைப்பு மாத்திரம் இராது. அம்மா பச்சைமிளகாய் கேட்டார். மூன்றாம் நாள் சிறு தட்டொன்றில் எட்டு வந்தன, அவற்றைக் கொணர்ந்தவர் ஏதோ பரிசளிப்பவர் போல நின்றார். ஆனால் பகலில், விரும்பியதை எடுத்துண்ணும் பெரிய சாலையில் நான் கண்ட காட்சி எனக்கு ஒப்பவில்லை. தட்டு நிறைய அள்ளுவதும், கால்வாசி தின்று மீதியை விட்டெழுவதும். பாணுக்கு வரிசையில் நின்ற தலைமுறையைச் சேர்ந்தவன் நான்; அது காரணமாயிருக்கலாம். அஃதன்றி, எல்லாம் இலவசம் என்ற தோற்றத்துக்குள் எதுவும் இலவசமன்று. சோடாவுக்கு வேறு, படத்துக்கு வேறு, கரையிறங்கிச் சுற்றிப்பார்க்க வேறு. காசு கையில் இல்லை. அறைத்திறப்பாகிய அட்டையை நீட்டினாற் போதும். செலவு செய்வது தெரியாமற் செலவு செய்விக்கும் கலையில் அவர்கள் பண்டிதர்கள்.

இணையத்துக்கும் வேறு பணம். அது மிகை என்று அண்ணர் வாங்கவில்லை. இந்தச் சிக்கனத்தாலேயே எனக்கு அந்தப் பிரயாணத்தின் பெரும்பேறு வாய்த்தது. ரொறன்ரோவில் நான் கண்ட அண்ணர், உணவு மேசையிலும் தொலைபேசியை நோக்கியே பதில் சொல்பவர். இரண்டாம் நாட் காலை முதல் அது வெறும் கடிகாரமாயிற்று. முதலில் தவித்தார், சட்டைப்பையைத் தட்டித் தட்டிப் பார்த்தார். மூன்றாம் நாள் என்னைத் தேடி வந்து, "வா, நடப்பம்" என்றார். ஐந்தாம் தட்டில், உயிர்காப்புப் படகுகளுக்குக் கீழே, வெளிப்புறமாகக் கப்பலைச் சுற்றி ஒரு நடைபாதை உண்டு. கூட்டமில்லை, இசையில்லை. அங்கேதான் கடல் இருந்தது. ஒவ்வொரு மாலையும் நாம் இருவரும் அதில் நடந்தோம். அப்பாவின் சைக்கிள் யாரிடம் போயிற்று, வீட்டு வேலியோரத்துப் பலா இன்னும் காய்க்கிறதா, அவருடன் படித்த எவர் எங்கே என்றெல்லாம் கேட்டார். 1998இல் கனடா போய்ச் சேரும்வரை எட்டு மாதம் எங்கெங்கு இருந்தார் என்பதை அவர் எவருக்கும் முழுவதும் கூறியதில்லை. ஒரு மாலை, இருளும் நீரைப் பார்த்தபடி, "இப்பிடித்தான் ஒரு இரவு..." என்று தொடங்கினார். நான் நடையைக் குறைத்தேன். பின்னர் அவர் வேறேதோ பேசினார். நானும் கேட்கவில்லை. ஆனால் மறுநாளும் அந்த இடத்துக்கு வந்ததும் அவர் சற்று நின்றார்.

கொசுமேல் தீவில் இறங்கியபோது பிள்ளைகள் கடற்கரைக்குச் செல்ல, நான் அம்மாவை உள்நாட்டில் உள்ள சான் ஹெர்வாசியோ என்னும் இடிபாடுகளைக் காட்ட அழைத்துச் சென்றேன். மெக்சிக்கோவின் கிழக்கேயுள்ள அந்தத் தீவு, ஸ்பானியர் வருமுன் மாயா மக்களின் யாத்திரைத் தலம். ஈஷ்செல் என்னும் தேவியை வணங்கவும், மகப்பேறு வேண்டவும் பெருநிலத்திலிருந்து பெண்கள் தோணியேறி வருவார்களாம். இதனைச் சொன்னதும் அம்மா, "எங்கடை நயினாதீவு மாதிரி" என்றார். கூரையிழந்த கற்கட்டடத்தின் முன்னே செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பினார். வெயில் சுட்டது. அருகே நின்ற அமெரிக்கர் இருவரும் ஏனென்று தெரியாமலே தொப்பியைக் கழற்றினர்.

இனி, எம் அறையைக் கவனித்த இளைஞரைப்பற்றிச் சொல்ல வேண்டும். இந்தோனேசியாவின் பாலித் தீவினர். முப்பது வயதிருக்கலாம். முதல்நாள் மாலை துவாய் மாற்ற வந்தவர், கண்ணாடியருகே அம்மா சாய்த்து வைத்திருந்த பிள்ளையார் படத்தைக் கண்டார். வாளியைக் கீழே வைத்தார், கைகூப்பினார், "ஓம் ஸ்வஸ்தியஸ்து" என்றார். பாலி இந்துக்கள் ஒருவரையொருவர் வணங்கும் சொல் அது. அம்மாவுக்கு ஆங்கிலம் சிறிது. அவருக்குத் தமிழ் இல்லை. அதன்பின் அவ்விருவருக்கும் என் உதவி வேண்டியிருக்கவில்லை. அவர் நாள்தோறும் துவாயை மடித்து ஏதேனும் ஒரு மிருகம் செய்து கட்டிலில் வைப்பார். அது அக்கப்பல்களின் வழமை. இரண்டாம் நாள் யானை செய்தார். அம்மா அதனைத் தூக்கிப் பிள்ளையார் படத்தருகே வைத்துவிட்டார். விளக்கில்லாக் குறைக்கு அது ஈடாயிற்று. பின்னர் வந்த குரங்கையும் அன்னத்தையும் கலைத்துத் துவட்டினோம். யானையை எவரும் தொடலாகாது.

அவருக்கு மூன்று வயது மகள் ஒருத்தி. ஒப்பந்தம் எட்டு மாதம். இரண்டு வயதில் விட்டுவந்தவளின் பேச்சை இப்போது தொலைபேசியிற் கேட்டே அறிவதாகக் கூறினார். வேலை ஒவ்வொரு நாளும் உண்டு. எட்டு மாதமும் முழுநாள் விடுமுறை என ஒன்றில்லை. 2013 முதல் நடைமுறையிலிருக்கும் சர்வதேசக் கடற்றொழிலாளர் உடன்படிக்கை, நாளொன்றுக்குக் குறைந்தது பத்து மணித்தியாலமும் கிழமைக்கு 77 மணித்தியாலமும் ஓய்வு கொடுக்க வேண்டும் அல்லது வேலையை நாளுக்கு 14, கிழமைக்கு 72 மணித்தியாலத்துக்குள் நிறுத்த வேண்டும் என்கிறது. இவை தொழிலாளரைக் காக்க எழுந்த எல்லைகள் என்பதை நினைவிற் கொண்டு அந்த எண்களை மறுபடி வாசியுங்கள். எமது கணக்கில் ஆளுக்கு நாளொன்றுக்கு 16 முதல் 20 டொலர் வரை 'சந்தோஷம்' என்னும் பெயரிற் சேர்க்கப்படுவது இக்கப்பல்களின் வழக்கம். சிலர் அலுவலக மேசைக்குச் சென்று அதனை நீக்குமாறு கேட்டதை நான் கண்டேன். நகைக்கடைப் பையுடன் நின்றார் ஒருவர்.

ஆனால் நான் நேர்மையாகவும் எழுத வேண்டும். இரக்கத்தை எதிர்பார்த்து அவர் பேசவில்லை. அந்தப் பணத்தில் ஊரில் வீடு எழுகிறது, தம்பியொருவர் படிக்கிறார். இதனைச் சொல்லும்போது அவர் முகத்திற் பெருமை இருந்தது. எம் வீட்டின் மேற்கூரையும் இவ்வாறே, தூரதேசத்தில் ஒருவர் விழித்திருந்த இரவுகளால் வேயப்பட்டது. அவ்விரவுகளின் கணக்கை நான் அண்ணரிடம் ஒருநாளும் கேட்டதில்லை.

இறுதி இரவு அம்மா, "ஒருக்காக் கடலைக் காட்டு" என்றார். ஐந்தாம் தட்டுக்கு மூவரும் சென்றோம். காற்றுப் பலமாயிருந்தது. கீழே கப்பலின் விளக்கொளி பட்ட மட்டும் நுரை, அதற்கப்பால் ஒன்றுமில்லை. அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். அன்று திருகோணமலைக் கப்பலிற் பயந்தீர்களா என்று கேட்டேன்.

"கடலுக்குப் பயப்பிடேல்லை. விடிஞ்சாப் பிறகு இறங்கிற இடத்திலை உன்னை மறிச்சுப்போடுவாங்களோ எண்டுதான்" என்றார்.

அண்ணர் மறுபக்கம் திரும்பி நின்றார்.

மறுநாட் காலை ஏழு மணிக்கே மயாமி. அறைகளை விரைவிற் காலிசெய்ய வேண்டும்; நண்பகலுக்குள் அதே கட்டில்களுக்கு வேறு ஐயாயிரம் பேர் வந்துவிடுவர். பாலி இளைஞர் நடைபாதையில் துவாய் மூட்டைகளைக் குவித்துக்கொண்டிருந்தார். அம்மா ஓர் உறையை அவர் கையில் வைத்தார். பிள்ளையார் படத்தையும் அதன்மேல் வைத்தார். அவர் படத்தைக் கண்களில் ஒற்றிச் சட்டைப்பையில் இட்டுக்கொண்டார். யானையை என்ன செய்வது என்று அம்மா சைகையாற் கேட்க, அவர் உள்ளே சென்று அதனைத் தாமே தூக்கினார். காதுகளை முதலில் விடுவித்தார், பிறகு துதிக்கையை. இரண்டு துவாய்களும் மூட்டையிற் சேர்ந்தன.

விமான நிலையத்துக்குச் செல்லும் வண்டியில் அம்மா என்னிடம், "அந்தப் பெடியன் எப்ப வீட்டை போகும்?" என்று கேட்டார். பங்குனி முடிவில் என்று அவர் சொன்னதாகக் கூறினேன். அம்மா மார்கழியிலிருந்து தொடங்கி, சேலைத் தலைப்புக்குள் விரல் மடக்கி எண்ணத் தொடங்கினார்.